எந்த மாதம் எந்தத் தீவு: பெங்களூரிலிருந்து கிளம்பும் முன் காற்றைப் பாருங்கள்

எங்கள் அபார்ட்மென்ட்டில் பிள்ளைகளின் பள்ளிக் காலண்டர் கைக்கு வந்த வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். தசராவுக்கு இத்தனை நாள், கிறிஸ்துமஸுக்கு இத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை அந்தமான் போகலாம்னு இருக்கோம், எப்படி?" என்று லிஃப்டில் ஒருவர் கேட்பார், பால் பூத்தில் ஒருவர் கேட்பார், அல்சூரிலிருந்து என் சித்தி மகள் போன் போட்டுக் கேட்பாள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்? நாம் பெரும்பாலும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, லீவு கிடைக்கிற மாதத்தை அதன் தலையில் கட்டிவிடுகிறோம். மலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, மழை வந்தால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காபி குடிக்கலாம். தீவுக்கு அது சரிப்படாது. நடுவில் கடல் இருக்கிறது. படகு விட்டால்தான் போக முடியும், படகு விட்டால்தான் திரும்பி வர முடியும்.

இதை நான் கற்றுக்கொண்டது மல்பேயில். சில வருடங்களுக்கு முன் மே கடைசி வாரம், பள்ளி திறப்பதற்குள் எங்காவது போய்விட்டு வரலாம் என்று உடுப்பிக்கு பஸ் ஏறினோம். மல்பேயிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரீஸ் தீவு, கடற்கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர். எரிமலைக் குழம்பு ஆறி, அறுகோணத் தூண்களாக உறைந்து நிற்கிற கருங்கற்கள் அங்கே இருக்கின்றன. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்த காலத்துப் பாறைகள் என்று சொல்லிச் சொல்லி மகளுக்கு ஆசை காட்டியிருந்தேன். தங்குமிடம் ஏற்பாடு செய்துகொடுத்த ஏஜென்ட் "போட் இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார். போய்ப் பார்த்தால், படகுகளை எல்லாம் கரைமேல் ஏற்றி நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கயிறு கட்டிச் சிவப்புக் கொடி நட்டிருந்தது. மழை ஒரு சொட்டு இல்லை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அலை மட்டும் சுவர் போல எழுந்து வந்து விழுந்தது. மகள் நீருக்கடியில் பார்க்கிற கண்ணாடி ஒன்றைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தேடி வாங்கி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் ஓட்டல் குளியலறையில் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அதைப் போட்டுக்கொண்டு முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நான் காற்றைப் பார்க்காமல் தீவுக்கு டிக்கெட் போட்டதில்லை.

மழையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தீவுப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மழை கிடையாது. அரை மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கிற மழையை யாரும் சமாளித்துவிடலாம். கெடுப்பது காற்று. காற்று அலையைக் கிளப்புகிறது, அலை படகை நிறுத்துகிறது, அடி மண்ணைக் கலக்கித் தண்ணீரைப் பழுப்பாக்குகிறது, அப்புறம் பவளப்பாறை பார்க்கலாம் என்று போனவர்கள் கலங்கல் தண்ணீரில் கையைத் துழாவிவிட்டு வருகிறார்கள்.

பெங்களூரில் இருக்கிற நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நாம் 900 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் உட்கார்ந்திருக்கிறோம். ஜூன், ஜூலையில் நமக்கு மேகமூட்டமும் தூறலும்தான், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாக்கிங் போகலாம். அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் மங்களூரில், உடுப்பியில் வானம் பிளந்து ஊற்றிக்கொண்டிருக்கும். இங்கே மழை வெளுத்து வாங்குவது செப்டம்பர், அக்டோபரில், சில்க் போர்டில் தண்ணீர் தேங்கி ஆபீஸ் போக முடியாமல் நிற்கிற நாட்களில். அதைப் பார்த்துவிட்டு, "ஜூலையில மழை கம்மி, அக்டோபர்ல ஜாஸ்தி" என்று நம் ஜன்னலை வைத்துக் கடலைக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் போகும்.

கடலுக்கு இரண்டு காற்றுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது ஒன்று. அது கேரளத்தைத் தொடுவது ஜூன் 1 வாக்கில், அந்தமான் கடலை அதற்கும் முன்னால், மே மூன்றாம் வாரத்திலேயே தொட்டுவிடும். அக்டோபர் பாதிக்கு மேல் திசை திரும்பி வடகிழக்கிலிருந்து வீசுவது இன்னொன்று. தென்மேற்குக் காற்றில் மேற்குக் கடற்கரையும் லட்சத்தீவும் மாலத்தீவும் அந்தமானும் அடி வாங்கும். வடகிழக்குக் காற்றில் தமிழ்நாட்டுக் கரை, பாக் நீரிணை, இலங்கையின் கிழக்குக் கரை. அந்தமானுக்கு இரண்டிலும் பங்கு உண்டு, அதனால்தான் அங்கே நல்ல நாட்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இதைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, நம் வீட்டில் பாட்டி சொன்னதே போதும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசியில் அடைமழை என்றால் வடகிழக்குக் காற்று வந்துவிட்டது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது கடலுக்கும் பொருந்தும், புயல் பயம் அடங்கிக் கடல் மெல்லத் தணிய ஆரம்பிப்பது அப்போதுதான். மாசி, பங்குனியில் இரண்டு காற்றும் இல்லாத இடைவெளி. வருடத்திலேயே கடல் அசையாமல் கிடப்பது அந்த நாட்களில்தான். லீவைப் பற்றிக் கவலையில்லாதவர்கள், கைக்குழந்தை மட்டும் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள், தை பாதியிலிருந்து பங்குனி முடியும் வரை எந்தத் தீவுக்கு வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மீதிப் பேருக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே இடத்தில் இரண்டு கடல்

காற்றுக்கு எதிர்ப்பக்கம் என்றால் என்ன என்பதை எனக்குப் புரிய வைத்தது தனுஷ்கோடி. ஒரு ஜூலை மாதம் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள் அப்படியே ராமேஸ்வரம் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் கடல் தெரியும். தெற்கே மன்னார் வளைகுடா, நுரை கக்கிக்கொண்டு, பேசுவது காதில் விழாத அளவுக்கு இரைச்சல். சாலையைத் தாண்டி வடக்கே நாலு எட்டு வைத்தால் பாக் விரிகுடா, எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி. தண்ணீர் மணலை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன், ஏன் இப்படி என்று.

"இப்போ கச்சான் தம்பி. கச்சான் அடிக்கையில அந்தப் பக்கம் அப்படித்தான் கெடக்கும். ஐப்பசி பொறந்து வாடை திரும்பட்டும், அப்போ வந்து பாருங்க. இது துள்ளும், அது படுத்துக்கும்."

ஊரில் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் அவர் சொன்ன கணக்கு அதைவிட நுணுக்கமானது. வாடை வடக்கிலிருந்து வருவது, கச்சான் மேற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. எந்தக் காற்று அடிக்கிறதோ அதற்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கிற கரையில் தண்ணீர் அமைதியாக இருக்கும். இது ஒன்று தெரிந்தால் எந்தத் தீவுக்கும் பயன்படும். அந்தமானில் ஹேவ்லாக் தீவின் (இப்போது ஸ்வராஜ் தீவு) ராதாநகர் கடற்கரை மேற்குப் பக்கம் இருக்கிறது, மே கடைசியிலிருந்து அங்கே அலை ஓங்கி அடிக்கும். அதே தீவின் கிழக்குப் பக்கம் காலாபத்தர் கடற்கரை, அதே நாளில் அங்கே ஓரளவு தணிந்திருக்கும். அறை எடுக்கும்போது "பீச் வியூ" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, மேப்பைத் திறந்து அந்த பீச் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள்.

இனி லீவு வாரியாக

தசரா லீவுதான் இருப்பதிலேயே சிக்கலானது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி. ஒரு காற்று போய்க்கொண்டிருக்கும், இன்னொன்று வந்திருக்காது. மேற்குக் கரையில் மல்பே படகுகள் மறுபடி ஓட ஆரம்பிப்பது செப்டம்பர் பாதிக்கு மேல் அல்லது அக்டோபரில், கடலைப் பொறுத்து. ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து கேட்காமல் போகாதீர்கள், அதுவும் ஏஜென்ட்டிடம் கேட்காமல் உடுப்பியில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவுக்கு ஸ்கூபா கூட்டிப் போகிறவர்களும் அக்டோபரில்தான் ஆரம்பிப்பார்கள், ஆனால் தண்ணீர் தெளிந்து மீன் கண்ணுக்குத் தெரிவதற்கு டிசம்பர் ஆகிவிடும். காசு கொடுத்து இறங்குகிறவர்கள் அதுவரை பொறுப்பது நல்லது. லட்சத்தீவு அக்டோபரில் திறந்திருக்கும். ராமேஸ்வரம் அக்டோபர் முதல் வாரம் பரவாயில்லை, கண்டோன்மென்ட்டிலிருந்து மதுரைக்கு வந்தே பாரத் ஓடுவதால் போவதும் இப்போது எளிது, ஆனால் மாதக் கடைசிக்குத் தள்ளிப் போடாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? கோலாகலமாகத் தொடங்கி ஒரே வாரத்தில், வடகிழக்குப் பருவமழை வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஓடியது அடுத்த வருடம் ஆகஸ்டில். ஐப்பசிக் கடலை நம்பி யாரும் குடும்பத்தோடு கிளம்பக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தசராவுக்கு அந்தமான்? என்னைக் கேட்டால் வேண்டாம். மலிவாகக் கிடைக்கும், ஏனென்றால் அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவாவதே அந்தப் பக்கம்தான். சென்னையிலிருந்து நமக்குச் செய்தி வருவதற்கு நாலைந்து நாள் முன்பே அங்கே அடித்துவிட்டுத்தான் வரும். வர்தா புயல் என்றால் நமக்கு 2016 டிசம்பர் 12, சென்னையில் சாய்ந்த மரங்கள். அதே வர்தாவால் அதற்கு முந்தைய வாரம் அந்தமானில் பெய்த மழையிலும் வீசிய காற்றிலும் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகு இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். கடற்படை போய்த்தான் கூட்டி வந்தது. ஃப்ளைட் எல்லாம் போர்ட் பிளேரிலிருந்து (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்), அவர்கள் இருந்ததோ ஒன்றரை, இரண்டு மணி நேரப் படகுப் பயணத்துக்கு அப்பால்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நிலைமை நன்றாகவே மாறிவிடும். டிசம்பர் 20-க்கு மேல் லட்சத்தீவு அருமையாக இருக்கும், மேற்குக் கரைக்கும் அதுவே நல்ல நேரம், மாலத்தீவில் இருவை என்று அவர்கள் சொல்கிற வடகிழக்குக் காற்றுக் காலம் தொடங்கி வானம் தெளிந்திருக்கும். ஒரே குறை, உலகம் முழுக்க அதே வாரத்தில் லீவு. மாலத்தீவு ஓட்டல்கள் வருடத்திலேயே உச்ச விலை சொல்வது அந்தப் பத்து நாட்களில்தான். பொங்கலையொட்டி இரண்டு நாள் லீவு போட முடிந்தால், அதே கடல், அதே வானம், பாதிக் கூட்டம். அந்தமானும் டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு புயல் சின்னம் பாக்கி இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் மட்டும் வேண்டாம். பாக் விரிகுடா துள்ளுகிற காலம் அது. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22-23 இரவில். அந்த ஊருக்கு மார்கழிக் கடல் என்றால் என்ன என்று அங்கே போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லட்சத்தீவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2024 ஜனவரியில் பிரதமர் போய்விட்டு வந்த பிறகு எல்லோரும் அதையே கேட்கிறார்கள். மொத்தம் 36 தீவுகள், மக்கள் வாழ்வது 10 தீவுகளில். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டுமென்றால் தசராவுக்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். விமானம் இறங்குவது அகத்தியில், பெரும்பாலும் கொச்சி வழியாக. கொச்சியிலிருந்து கப்பலிலும் போகலாம், ஒரு ராத்திரிப் பயணம். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்கு வராது. பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், நாம் அங்கிருந்து சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். கடல் சாந்தமாக இருக்கிறபோதே படகு ஏறி ஏறி இறங்கும், அது மேலே வருகிற நொடியில் மாலுமி கையைப் பிடித்துத் தூக்கி வைப்பார். முழங்கால் வலி இருக்கிற அம்மாவையோ மடியில் குழந்தையையோ வைத்துக்கொண்டு அக்டோபரில் அதைச் செய்வதற்கும் பிப்ரவரியில் செய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மே பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை அங்கே சுற்றுலா கிட்டத்தட்ட நின்றுவிடும். மே முதல் வாரமே எனக்குப் பயம்தான்: 2021-ல் டவ்தே புயல் மே நடுவில் லட்சத்தீவை ஒட்டித்தான் உருவாகி மேலே போனது. 2017 நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் ஒக்கி. நம் கடல்களில் புயலுக்கு இரண்டு உச்சங்கள், ஒன்று மே, இன்னொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிக்கெட் போடும்போது இந்த இரண்டையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.

கோடை லீவு. ஏப்ரல் முதல் மூன்று வாரம், என் கணக்கில் பெங்களூர்க் குடும்பங்களுக்குக் கிடைக்கிற மிகச் சிறந்த தீவுக் காலம் இதுதான். பரீட்சை முடிந்த கையோடு, சித்திரை பிறப்பதற்கு முன்னும் பின்னும். வெயில் கடுமையாக இருக்கும், உண்மை. காலை 6 முதல் 10 வரை தண்ணீரில், மதியம் அறையில் தூக்கம், 4 மணிக்கு மேல் மறுபடி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். அந்தமானில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஜனவரிக் கூட்டம் இருக்காது. என் மகள் அந்தப் பழைய கண்ணாடியைக் கடைசியில் போட்டது ஒரு ஏப்ரலில், நீல் தீவில்தான், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே காலுக்கு அடியில் மீன் போவதைப் பார்த்தாள். மூச்சுக்கு மேலே வரும்போதெல்லாம் "அப்பா, நீலம்!" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். மே 10-க்கு மேல் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். "ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு ட்ரிப்" என்று மே கடைசியில் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து மலைப்பக்கம் போங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை லீவு கிடைத்தால் என்ன செய்வது? மேற்குக் கரையை மறந்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் கர்நாடகக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் வேறு, உடுப்பியில் நல்ல மீன்கூடக் கிடைக்காது, கிடைத்தால் விலை கையைக் கடிக்கும். போகிற வழியில் சிராடி காட் மண்சரிவு தலைவலி தனி. அந்த மாதங்களுக்கு இலங்கையின் கிழக்குக் கரை இருக்கிறது. தென்மேற்குக் காற்று இலங்கையின் மலைகளில் மோதி மழையைக் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் வறண்டு இறங்கும், ஆகவே கொழும்பு நனைந்துகொண்டிருக்கும்போது திருகோணமலையில் பளிச்சென்று வெயில். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, கரையோரத்திலேயே பவளப்பாறை. பாசிக்குடாவில் நூறு மீட்டர் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான கடல் கிடைப்பது கஷ்டம். ஆட்டோக்காரர் முதல் ஓட்டல் சமையல்காரர் வரை தமிழில் பேசிக்கொள்ளலாம், அது தனிச் சுகம். டிசம்பரில் போகிறவர்கள் இதையே திருப்பிப் போடுங்கள்: காலி, மிரிஸ்ஸ பக்கம் போங்கள், கிழக்கே வேண்டாம்.

மாலத்தீவும் ஜூன், ஜூலையில் மலிவாகக் கிடைக்கும். காற்றும் மழையும் உண்டுதான், ஆனாலும் ஒரு காரணத்துக்காகப் போகலாம்: அங்கே பா என்கிற பவளத்தீவில் ஹனிஃபாரு விரிகுடாவுக்குப் பெரிய மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது இந்தக் காற்றுக் காலத்தில்தான், ஜூனிலிருந்து நவம்பர் வரை. அதைப் பார்க்கவே போகிறவர்களுக்கு நல்ல மாதம், வெறுமனே நீலத் தண்ணீரில் கால் நனைக்கப் போகிறவர்களுக்குக் கெட்ட மாதம். எதற்காகப் போகிறோம் என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

மாதம் சரியாக இருந்தாலும் வாரம் சரியாக இருக்க வேண்டும். ஐந்து நாள் முன்பிருந்து தினமும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். விண்டி போன்ற செயலியில் அந்தத் தீவைத் தொட்டு அலையின் உயரத்தைப் பாருங்கள். நான் வைத்திருக்கிற கணக்கு இது: ஒரு மீட்டருக்குள் என்றால் சந்தோஷமாகப் போகலாம், ஒன்றரையைத் தாண்டினால் வயதானவர்களையும் குழந்தைகளையும் சின்னப் படகில் ஏற்ற மாட்டேன், இரண்டுக்கு மேல் போனால் படகு ரத்தாகும் என்று நினைத்தே திட்டத்தை மாற்றுவேன். அதோடு வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குக் கொடுக்கிற எச்சரிக்கையையும் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்கிற நாளில் நமக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, படகுக்காரர் எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வானம் நீலமாக, காற்றே இல்லாமல் இருக்கிற நாளில்கூடக் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்வதால் நடப்பது இது. கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்று பேர் வைத்திருக்கிறார்கள், சொல்லாமல் கொள்ளாமல் வருவதால். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து பயிற்சி மருத்துவர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனது இப்படிப்பட்ட நாட்களில்தான். எச்சரிக்கை அப்போது கொடுத்திருந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, தமிழ்ச் செய்திகளிலும் வருகிறது. செயலியில் அலை உயரத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு அலைக்கு நடுவில் எத்தனை விநாடி என்றும் போட்டிருக்கும். 15 விநாடிக்கு மேல் காட்டினால், உயரம் குறைவாக இருந்தாலும் அன்று பாறைமேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளைக் கரையோரம் தனியாக விடாதீர்கள்.

பௌர்ணமி, அமாவாசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை ஒட்டிக் கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றும். நீல் தீவில் இருக்கிற இயற்கைப் பாலப் பாறைக்கு நடந்து போக வேண்டுமென்றால் வற்றம் வேண்டும், ஆகவே அதற்கு இந்த நாட்கள் நல்லவை. ராத்திரி கடலில் நீலமாக மினுங்குகிற உயிர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அமாவாசை இருட்டு வேண்டும். அந்தமானில் இன்னொரு விஷயம், அது வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான், ஆகவே டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பெங்களூர்ப் பழக்கத்தில் பத்து மணிக்கு டிபன் முடித்துக் கிளம்பினால் பாதி நாள் போயிருக்கும். அதிகாலை ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும், அப்போது எழுந்துகொள்ளுங்கள்.

டிக்கெட் போடுகிற வரிசையையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பி வருகிற ஃப்ளைட்டுக்கு முந்தைய இரவு, விமான நிலையம் இருக்கிற தீவிலேயே தங்குங்கள். காலையில் ஹேவ்லாக்கில் படகு ஏறி மதியம் ஃப்ளைட் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டு, படகு ரத்தாகி நாலு பேருக்குப் புது டிக்கெட் வாங்கியவரை எனக்குத் தெரியும். தொலைதூரத் தீவை முதலில் முடித்துவிட்டு, செல்லுலார் ஜெயில் மாதிரி ஊருக்குள் பார்க்கிற இடங்களைக் கடைசி நாளுக்கு வையுங்கள். திங்கட்கிழமை முக்கியமான மீட்டிங் என்றால் ஞாயிற்றுக்கிழமை திரும்பாதீர்கள், சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன், கடல் காரணமாகப் படகு ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் மே மாதக் கடற்கரையில் உதவாது. வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், ஏறிய பிறகு போட்டால் பிரயோஜனமில்லை. குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று இங்கேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஏறும்போது இட்லி மாதிரி லேசாக ஏதாவது வயிற்றில் இருக்கட்டும், வெறும் வயிற்றோடு போகிறவர்களுக்குத்தான் அதிகம் குமட்டும். உட்கார இடம் கேட்டால் பின்பக்கம் நடுவில் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு.